சாகாமத்து யானைக்கு எந்தக் குண்டு

அக்கரைப்பற்று
05.07.2009

அன்பின் மச்சான் ஜவுபருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் தங்கச்சி றஹீமாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். போன வெள்ளிக்கிழமை கல்முனைக்குப் போய் ஸகியா மச்சியையும் பிள்ளைகளையும் பார்த்துவிட்டுத்தான் வந்தோம். எல்லாரும் நலம். மூத்தவன் உன்னைப் போலவே சோற்றுக்கு முன்னால் இறைச்சியைத் தீர்த்துவிடுகிறான். தன்சானியாக் காட்டுக்குள் உன் உடம்பும் சுகமாக இருக்க வேண்டுமென்று துஆச் செய்கிறோம்.

யுத்தம் முடிந்து ஏழு கிழமை. சாகாமத்து வயல் வட்டையில் இருபது வருடமாகப் பற்றை மூடிக் கிடந்த நமது ஐந்து ஏக்கர் வயலைத் துப்புரவாக்கத் தொடங்கிவிட்டேன். பக்கத்துக் காணிக்கு வேலப்போடியாரும் வந்துவிட்டார். முதல் நாள் வரம்பில் என்னைக் கண்டதும் மனிதர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். தன் வெற்றிலைப் பையை நீட்டினார், அவ்வளவுதான். இருபது வருடத்துக்கு அது போதும்.

இன்னொரு சந்தோஷம். தொண்ணூறாம் ஆண்டு உன் வாப்பா பொலிஸில் ஒப்படைத்த இரட்டைக்குழல் துவக்கு திரும்பக் கிடைத்துவிட்டது. அனுமதிப்பத்திரம் இப்போது என் பெயரில். இந்த வட்டையில் துவக்கு உள்ள ஒரே ஆள் நான்தான்.

ஆனால் நாங்கள் இல்லாத காலத்தில் யானைகள் இங்கே குடிவந்துவிட்டன. மற்றவை பரவாயில்லை. தனியன் ஒன்று நிற்கிறது. முன்பு சாதுவாகத் திரிந்த மிருகமாம். போன மாதக் கடைசியிலிருந்து மனிதரைக் கண்டாலே துரத்துகிறது. முதலாம் திகதி வேலப்போடியார் விதைநெல்லுக்குக் கட்டிய கல் அறையை இடித்துத் தள்ளிவிட்டது. அவர் மதகுக்குள் புகுந்து உயிர் தப்பினார். காரணம் என்னவென்று எல்லாரும் கேட்கிறார்கள். ஒன்றும் விளங்கவில்லை.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். யானையையும் எருமையையும் சுடுகிற நாட்டில் இருக்கிறாய். ஒரே வெடியில் யானையை விழுத்த எந்தக் குண்டு வேண்டும்? விபரமாக எழுது. பதிலை வீட்டு விலாசத்துக்கு அனுப்பாதே. பஸ் நிலையத்தடிக் காலிதீனின் தேநீர்க் கடைக்கு அனுப்பு. றஹீமாவுக்குத் தெரிந்தால் என்னைத்தான் முதலில் விழுத்துவாள்.

உன் பதிலைப் பார்த்திருக்கும் மச்சான்,
இஹ்ஸான்

⁂

வேட்டை முகாம், தெற்குத் தன்சானியா
30.07.2009

என் இனிய மச்சான் இஹ்ஸானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நான் சுகம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருகிற சாமான் லொறியில்தான் கடிதம் வரும், போகும். உன்னுடையதை மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்தே வாசித்தேன்.

நாலு வருடத்தில் முதன்முறையாக வீட்டார் ஒருவர் என் தொழிலைப் பற்றிக் கேட்டிருக்கிறார். ஸகியா கேட்பதெல்லாம் சாப்பிட்டீர்களா, பாம்பு உண்டா, இவை இரண்டும்தான். ஆகவே நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

கல்முனையில் என் இரும்புக் கடையைக் கடல் கொண்டுபோகும் வரை ஆணி விற்றவன் நான். வருகிறவர் ஆணி கேட்டால், என்ன மரம் என்றுதான் முதலில் கேட்பேன். பாலைக்கு அடிக்கிற ஆணி வேறு, பலகைக்கு அடிக்கிற ஆணி வேறு. இங்கே துவக்கு அறையைப் பார்த்துக்கொள்கிறேன். குண்டும் அதே கணக்குத்தான். என் மேசையில் இரண்டு தட்டு உண்டு. ஒன்றில் நுனியில் ஈயம் தெரிகிற மென்குண்டு. உடம்புக்குள் போனதும் பூவாக விரிந்து, அங்கேயே நின்று, எல்லாவற்றையும் கிழிக்கும். சிங்கம், சிறுத்தை, பெரிய மான் எல்லாவற்றுக்கும் அது. மற்றத் தட்டில் கட்டிக் குண்டு. விரியாது, வளையாது, எலும்பைத் துளைத்து நேரே போகும். யானைக்கு அதுதான், வேறில்லை. காட்டெருமைக்கு முதல் வெடி தடித்த உறை போட்ட மென்குண்டு, அதற்குப் பின்னால் எல்லாம் கட்டிக் குண்டு. ஏனென்றால் முதல் வெடிக்குப் பிறகு எருமை எந்தப் பக்கம் திரும்பும் என்று ஒருவருக்கும் தெரியாது.

யானையின் மண்டை உள்ளே தேன்கூடு மாதிரி. அந்தப் பெரிய தலைக்குள் மூளை ஒரு பாண் ரொட்டி அளவில், அதுவும் மிகப் பின்னால் இருக்கிறது. அங்கே போய்ச் சேர முப்பது கிராமுக்கு மேல் பாரமான கட்டிக் குண்டும், அதைத் தள்ளுகிற பெரிய ரைபிளும், பக்கத்தில் போய் நிற்க மனமும் வேண்டும்.

வாப்பாவின் துவக்குக்கு எஸ்ஜி தோட்டாதான் உண்டு. ஒன்பது ஈய உருண்டை. பன்றிக்குச் சரி. யானைக்கு அடித்தால் தோலுக்கு அடியில் தங்கி, புண்ணாகி, சீழ் வைத்து, அந்த மிருகத்தைப் பைத்தியமாக்கும். ஆகவே உன் கேள்விக்கு என் பதில்: உன்னிடம் உள்ள துவக்குக்கு யானைக் குண்டு என்று ஒன்று இல்லை. வனஜீவராசிகள் திணைக்களத்தில், கொளுத்தி எறிந்து விரட்டுகிற யானை வெடி கேட்டு வாங்கு.

தங்கச்சிக்கு என் ஸலாம். ஆனால் எப்படிச் சொல்வாய்? கடிதமே வரவில்லையே.

பிரியமுள்ள,
ஜவுபர்

⁂

அக்கரைப்பற்று
27.08.2009 (நோன்பு 5)

மச்சான் ஜவுபருக்கு ஸலாம்.

நோன்பு நல்லபடியாகப் போகிறது. உனக்கு அங்கே கஞ்சிக்கு வழி உண்டா? இங்கே பள்ளிவாசல் கஞ்சியைக் குடிக்கும்போதெல்லாம் உன் நினைப்பு. பக்கத்தில் நீ இருந்தால் எனக்கு அரைக் கோப்பைதான் மிஞ்சும்.

உன் கடிதத்தைக் காலிதீன் கடையில் வைத்து நாலு தரம் வாசித்தேன். ஐந்தாம் தரம் காலிதீன் உரத்து வாசித்தான். கடையில் இருந்த வட்டைக்காரர் எல்லாரும் கேட்டார்கள். நீ ஆபிரிக்காவில் பெரிய வேட்டைக்காரன் என்று இப்போது கடை முழுவதும் பேச்சு. நான் மறுக்கவில்லை. மன்னித்துக்கொள்.

எஸ்ஜி சரிவராது என்பது விளங்கிவிட்டது. ஆனால் மாவடிப்பள்ளியில் ஒரு கொல்லன் இருக்கிறார். துவக்கின் குழல் அளவுக்கே ஒற்றை ஈயக் குண்டு வார்த்துத் தருவாராம். வேட்டைக்காரனிடம் கேட்டு வா என்கிறார். அதை எப்படி இறுக்கமாக்குவது? எந்த இடத்தில் அடிப்பது? முன் வலது கால் நொண்டுகிறது, வேகமாகத் திரும்ப முடியாது. முட்டியில் இருக்கிற புண் இப்போது இன்னும் வீங்கியிருக்கிறது. அந்தப் பக்கமாகப் போனால் கிட்டப் போகலாம்.

ஐப்பசி பிறக்குமுன் விதைப்பு. மாசியில் அறுவடை. இருபது வருடத்துக்குப் பிறகு வருகிற முதல் நெல். அதற்குள் இந்தக் காரியத்தை நான் முடித்தாக வேண்டும். வேலப்போடியார் மட்டும் ஒத்துக்கொள்கிறார் இல்லை. "அதுவும் நம்மளப்போல அகதியாத் திரிஞ்ச சீவன்தானே தம்பி" என்கிறார். அவருடைய அறையைத்தான் இடித்தது, அவரே இப்படிச் சொன்னால் நான் என்ன செய்வது?

சீக்கிரம் எழுது.
இஹ்ஸான்

⁂

முகாம்
16.09.2009

மச்சான்,

பெருநாள் கழிந்துதான் இது உன் கைக்கு வரும். ஈத் முபாறக். நான் சுகம். கஞ்சி இல்லை. மக்காச்சோளக் கூழில் உப்புப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறேன்.

ஈயக் குண்டை இறுக்கமாக்கும் வழியை நான் எழுதமாட்டேன். தெரியாமல் அல்ல. இறுக்கினாலும் அது யானையின் தோள் எலும்பில் தட்டையாகி நின்றுவிடும். காயப்பட்ட மிருகத்தைக் கொல்லாமல் விடுவதுதான் இங்கே எங்களுக்குப் பெரிய வெட்கம். அதைப் பின்தொடர்ந்து போய் முடிக்காமல் முகாமுக்குத் திரும்புகிறவனோடு ஒருவரும் சாப்பிடமாட்டார்கள்.

ஒரு கேள்வி. முட்டியில் புண், அது "இப்போது இன்னும்" வீங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அந்தப் புண்ணை முதலில் எப்போது பார்த்தாய்? அதைச் சுட்டது யார்?

அன்புடன்,
ஜவுபர்

⁂

அக்கரைப்பற்று
12.10.2009

அன்பின் ஜவுபர்,

ஸலாம். எல்லாரும் சுகம். பெருநாள் நன்றாக முடிந்தது. மழை தொடங்கிவிட்டது, விதைத்துவிட்டோம்.

முகாமில் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கிறதா? பாம்பு கனக்க உண்டா? கவனமாக இரு.

வேலப்போடியார் இடிந்த கல்லைத் தனியாகப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருக்கிறார். அறுபத்திரண்டு வயது மனிதர். அதைப் பார்த்துக்கொண்டு வரம்பால் போகிறது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

குண்டு வார்த்தாயிற்று. இரண்டு.

இஹ்ஸான்

⁂

அக்கரைப்பற்று
24.11.2009

என் மரியாதைக்குரிய காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் உங்கள் தங்கச்சி றஹீமா. நான் நல்ல சுகம். மற்றவர்களின் சுகத்தைக் கீழே எழுதுகிறேன்.

உங்கள் கடிதங்கள் எல்லாம் இப்போது என் கையில் இருக்கின்றன. இவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது காலிதீன் பயந்துபோய்த் தானாகக் கொண்டுவந்து தந்தான். யானைக்கு எந்தக் குண்டு என்று இரண்டு வளர்ந்த ஆண்பிள்ளைகள் மூன்று மாதமாக எழுதியிருக்கிறீர்கள். வாசித்து முதலில் அழுதேன், பிறகு சிரித்தேன், பிறகு இதை எழுதக் குந்தினேன்.

நடந்தது இதுதான். போன பதினொன்றாம் திகதி விடிய சுபஹுத் தொழுதுவிட்டு, பசளை போடப் போகிறேன் என்று சொல்லிப் போனார். பசளைப் பைக்குள் துவக்கு. வட்டையில் நல்லாய் வெளிச்சம் வந்துவிட்டதாம். யானை வேலப்போடியாரின் வயல் ஓரமாக நின்றிருக்கிறது. இவர் நாற்பது அடிக்குக் கிட்டப் போய், தலைக்கு நேரே பிடித்து, விசையை இழுத்தார். டக் என்றது. மற்றக் குழலையும் இழுத்தார். அதுவும் டக். நாலு மாதமாகக் குண்டைப் பற்றியே யோசித்தவருக்கு, மழைக்காலத்தில் தோட்டாவின் வெடிமருந்து நனைந்திருக்கும் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

யானை திரும்பியது. இவர் துவக்கை எறிந்துவிட்டு ஓடி வாய்க்காலுக்குள் விழுந்தார். தோள் எலும்பு உடைந்தது. யானை வாய்க்கால் கட்டுக்கு வந்துவிட்டதாம். வேலப்போடியார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குறுக்கே ஓடிவந்து, யானை வெடியைக் கொளுத்தி எறிந்து அதைத் திருப்பியிருக்கிறார். பிறகு வாய்க்காலில் இறங்கி இவரைத் தோளில் தூக்கி, தன் உழவு இயந்திரப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

இப்போது வீட்டில் கிடக்கிறார். கை கட்டியிருக்கிறது. சோறு நான்தான் தீத்துகிறேன், திட்டிக்கொண்டே.

காக்கா, எனக்கு ஒன்று விளங்கவில்லை. வேலப்போடியார் ஒவ்வொரு பின்னேரமும் இளநீரோடு பார்க்க வருகிறார். அவர் குரல் வாசல் படலையில் கேட்டதும் இவர் போர்வையை மூடிக்கொண்டு நித்திரைபோல் கிடக்கிறார். காப்பாற்றின மனிதரின் முகத்தைப் பார்க்கிறார் இல்லை. எனக்குச் சொல்லமாட்டார். நீங்கள் கேளுங்கள்.

இன்னொன்று. செப்டெம்பருக்குப் பிறகு உங்களிடமிருந்து கடிதம் இல்லை. ஸகியா மச்சிக்கு ஒரு தரம் டவுனிலிருந்து போன் எடுத்தீர்களாம். ஒரு நிமிஷம்தானாம், மூச்சு வாங்கினதாம். படியேறி வந்ததாகச் சொன்னீர்களாம். அந்தக் காட்டில் படி எங்கே இருக்கிறது என்று மச்சி என்னிடம் கேட்கிறா. நான் என்ன சொல்ல?

உங்கள் அன்புத் தங்கச்சி,
றஹீமா

⁂

அருஷா
15.12.2009

என் தங்கச்சிக்கும் மச்சானுக்கும்,

ஸலாம். எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டு உடைந்து கட்டியிருக்கிறது, விலாவில் மூன்று எலும்பும் முறிந்து இப்போது ஒட்டிவிட்டன. ஆஸ்பத்திரியை விட்டு வந்து முகாம்காரரின் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறேன். தங்கச்சி, முதலில் இதை ஸகியாவிடம் சிரித்த முகத்தோடு சொல்லு.

இனி மச்சானுக்கு.

ஒக்டோபர் நடுவில் ஒரு பணக்கார விருந்தாளி எருமை வேட்டைக்கு வந்தார். தன் குண்டைத் தானே கொண்டுவந்திருந்தார். உறை மெல்லியது, மிக வேகமானது, மானுக்குச் செய்தது. நான் எங்கள் தட்டைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டுத் தள்ளினார். ஐயா, இது எருமைக்குச் சரிவராது என்ற ஒரு வசனம் என் நாக்கு நுனியில் இருந்தது. நான் சொல்லவில்லை. அவர் விருந்தாளி, நான் அறைக்காரன். பெட்டியில் அவருடைய குண்டையே அடுக்கிக் கொடுத்தேன்.

அன்றைக்கு இரண்டாவது ரைபிளைச் சுமக்கிறவருக்குக் காய்ச்சல். என்னை அனுப்பினார்கள். அந்த ரைபிளில் மட்டும் என் மனப்படி கட்டிக் குண்டு போட்டேன். பத்து மணி வெயிலில் விருந்தாளி சுட்டார். குண்டு தோள் எலும்பில் பட்ட இடத்திலேயே சிதறிப்போனது. எருமை பற்றைக்குள் புகுந்துவிட்டது. இரத்தம் பார்த்துப் போனோம். முன்னால் காலடித் தடம் பார்க்கிற ஹமிசி, ஐம்பது வயது மனிதர், என்னோடு ஒரே பாயில் தொழுகிறவர். எருமை முன்னாலிருந்து வரவில்லை. பக்கவாட்டில் நின்று நாங்கள் கடந்துபோகும்வரை பார்த்திருந்துவிட்டு வந்தது. ஹமிசியைக் கொம்பில் எடுத்து எறிந்தது. வழிகாட்டி வேட்டைக்காரர் மறுபக்கம் திரும்பியிருந்தார். விருந்தாளி ஓடிவிட்டார். ஐந்தடியில் நான் மட்டும் நின்றேன்.

நான் வேட்டைக்காரன் அல்ல, மச்சான். நாலு வருடமாக மற்றவர்களுக்குக் குண்டு தெரிந்தெடுத்துக் கொடுத்தவன், அதுவரை ஒரு வெடிகூட வைத்ததில்லை. அன்றைக்குத்தான் வைத்தேன். கழுத்துக்குக் கீழே போன குண்டு உடம்பு நீளத்துக்கும் ஓடியிருந்தது. எருமை விழுந்துகொண்டே வந்து என்னையும் இடித்துக்கொண்டு சாய்ந்தது. ஹமிசிக்குத் தொடையில் நாற்பது தையல். பிழைத்துவிட்டார். பக்கத்துக் கட்டிலில் கிடந்து என் பங்கு இறைச்சியையும் தின்றார்.

அவர் கண் விழித்ததும் நான் உண்மையைச் சொன்னேன். அந்தக் குண்டு பிழை என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று. அதைச் சொல்ல எனக்கு மூன்று நாள் எடுத்தது. எருமைக்கு முன்னால் நிற்க அவ்வளவு நேரம் எடுக்கவில்லை.

செப்டெம்பரில் நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. மறுபடி கேட்கிறேன்.

ஜவுபர்

⁂

அக்கரைப்பற்று
08.01.2010

மச்சான் ஜவுபருக்கு,

ஸலாம். உன் கைக்கும் ஹமிசியின் காலுக்கும் ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். என் தோள் பொருந்திவிட்டது. மச்சி உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு அழவில்லை. காட்டில் படி இருக்கிறதோ என்று மட்டும் சொன்னா.

நான்தான் சுட்டேன்.

ஜூன் இருபத்தெட்டாம் திகதி. துவக்கு கைக்கு வந்து நாலாம் நாள். பின்னேரம் நாலு மணி. அது சாகாமக் குளத்து ஓரமாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு தொந்தரவும் செய்யவில்லை. எங்கள் வயலுக்கு ஒருநாளும் வந்ததில்லை. இருபது வருடம் மற்றவர்களின் துவக்குக்குப் பயந்து திரிந்தவன் கையில் இப்போது ஒரு துவக்கு. வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. இரண்டு குழலையும் அடித்தேன். முன்காலில் முழந்தாளிட்டது. பிறகு எழும்பி என்னைப் பார்த்தது. ஓடவில்லை. நான்தான் ஓடினேன்.

மூன்றாம் நாள் அது வேலப்போடியாரின் அறையை இடித்தது. கழுத்தளவு தண்ணீரில் ஒரு மணித்தியாலம் மதகுக்குள் கிடந்தார் அவர். சாதுவான மிருகத்துக்கு என்ன வந்தது என்று எல்லாரும் வரம்பில் கூடிநின்று கேட்டார்கள். அவர்களோடு நின்று நானும் கேட்டேன்.

அதை என் கையாலேயே முடித்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தேன். உன்னிடம் குண்டு கேட்டது அதற்குத்தான். றஹீமாவுக்கு இன்று காலை சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அது திட்டு வாங்குவதைவிடக் கஷ்டம்.

இப்போது நான் என்ன செய்ய?

இஹ்ஸான்

⁂

முகாம்
28.01.2010

அன்பின் மச்சான்,

ஸலாம். வலது கையால் எழுதுகிற முதல் கடிதம் இது.

வேலப்போடியாரிடம் போ. அடுத்த நாள் திணைக்களத்துக்குப் போ. வழக்குப் போடுவார்கள், துவக்கு போகும். போகட்டும். வாப்பாவின் மகன் நான் சொல்கிறேன். ஆனால் காலில் ஈயம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தால்தான் மிருக வைத்தியர் வந்து எடுப்பார். அது உயிரோடு இருக்கும்போதே சொல்ல வேண்டும்.

வேட்டை சீசனின் கடைசி விருந்தாளியும் போன மாதக் கடைசியில் மெல்லிய குண்டோடுதான் வந்தார். துவக்கு அறையைப் பூட்டித் திறப்பை இடுப்பில் வைத்துக்கொண்டேன். அரை மணி நேரம் சத்தம் போட்டார். பிறகு எங்கள் தட்டில் இருந்து எடுத்தார். பின்னேரம் எனக்கு ஒரு சிகரட் தந்தார். நான் குடிப்பதில்லை, ஹமிசி வாங்கிக்கொண்டார்.

ஏப்ரலில் இரண்டு மாத லீவில் வருகிறேன். ஸகியாவுக்கு நானே எழுதிவிட்டேன்.

என்றும் உன்,
ஜவுபர்

⁂

அக்கரைப்பற்று
25.02.2010

அன்பும் நன்றியும் உள்ள மச்சான் ஜவுபருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டில் எல்லாரும் சுகம். றஹீமா பேசுகிறாள். இப்போது நிறுத்துவதுதான் கஷ்டம்.

உன் கடிதம் வந்த அன்றே வேலப்போடியாரிடம் போனேன். இடிந்த அறையடியில் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கையில் இருந்த கல்லை வைக்காமலே கேட்டார்.

"ஓம் தம்பி, எனக்குத் தெரியும்" என்றார். "அண்டைக்கு வெடிச் சத்தம் என்ட வாடிக் குடிலுக்குக் கேட்டதுதானே. இந்த வட்டைக்குள்ள வேற ஆருக்கிட்ட துவக்கு இருக்கு?"

தெரிந்துமா வாய்க்காலில் இறங்கி என்னைத் தூக்கினீர்கள் என்று கேட்டேன்.

"தண்ணிக்குள்ள தாண்டுகிடக்கிற மனிசன்ட கணக்க அப்பவா பாக்கிற? ஆனா கோவம் இருந்தது. இல்லண்டு சொல்ல மாட்டன். ஒவ்வொரு பின்னேரமும் இளநியோட வந்தது, இண்டைக்காவது சொல்லுவீங்களா எண்டு பாக்கத்தான். நீங்க போர்வைய மூடிட்டுக் கிடந்தீங்க."

பிறகு கல்லை என் கையில் தந்து, பிடியுங்க என்றார். பொழுது சாயும்வரை இரண்டு பேரும் சுவர் கட்டினோம். கோபம் முழுவதும் போய்விட்டதா என்று எனக்குத் தெரியாது. நான் வைத்த கல்லையெல்லாம் எடுத்துத் திரும்ப வைத்தார்.

அடுத்த நாள் திணைக்களத்துக்கு அவரும் கூட வந்தார். துவக்கை ஒப்படைத்துவிட்டேன். வழக்கு உண்டு, மார்ச்சில் தவணை. தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

பத்தாம் திகதி மிருக வைத்தியர் வந்தார். மெலிந்த, சின்ன மனிதர், சிங்களவர். தமிழ் தட்டுத்தடுமாறிக் கதைப்பார். யானை எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்று என்னைவிடத் தெரிந்தவர் இல்லை. காலை எட்டு மணிக்குக் குளத்துக்கு மேற்கே காட்டிக் கொடுத்தேன். அவர் உன்னைப் போலவே ஒரு பெட்டியைத் திறந்து, மயக்க ஊசிகளைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்தார். எவ்வளவு உயரம், எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டார். தூரத்திலிருந்து எய்தது ஒரே ஊசி. பத்து நிமிஷத்தில் மெல்லச் சாய்ந்தது.

அது கிடக்கும்போது சூடு ஏறக்கூடாதாம். நானும் வேலப்போடியாரும் குளத்தில் அள்ளி அள்ளி அதன் காதிலும் தலையிலும் தண்ணீர் ஊற்றினோம். காது இவ்வளவு மெல்லியது என்று நான் நினைத்ததில்லை, மச்சான். வெயிலில் நரம்பு தெரிகிறது. வைத்தியர் முட்டியைக் கீறி ஒவ்வொன்றாக எடுத்தார். பதினொரு ஈயம். ஒவ்வொன்றையும் என் உள்ளங்கையில்தான் போட்டார். வேண்டுமென்று செய்தாரா, வேறு இடம் இல்லாமல் செய்தாரா தெரியாது. சீழ் கழுவி, மருந்து கட்டி, எழுப்புகிற ஊசி போட்டுவிட்டு எல்லாரையும் ஓடச் சொன்னார். அது எழும்பி, ஆடி, நின்றது. குளத்தில் இறங்கி நெடுநேரம் தண்ணீர் குடித்தது.

பிறகு இரண்டு கிழமை காணவில்லை. செத்துவிட்டதோ என்று பயந்தேன். நேற்றுப் பின்னேரம் அஸருக்குப் பிறகு வந்தது.

நாளைக்கு எனக்கு அறுவடை. ஐந்து ஏக்கரும் மஞ்சளாகத் தலை சாய்ந்து நிற்கிறது. நானும் வேலப்போடியாரும் வரம்பில் நின்று வெட்டு மெஷினைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். மேற்குப் பக்கமாக வந்தது. எங்களைக் கண்டு காதை ஒருமுறை விரித்தது. துரத்தவில்லை. என் வயலுக்குள் இறங்கி, ஒரு பிடி பிடுங்கி, காலில் தட்டி மண்ணை உதறி, வாயில் போட்டது. வேலப்போடியார் மடியில் இருந்த யானை வெடியை எடுத்துவிட்டார்.

"எறியட்டா தம்பி?"

"கொஞ்சம் பொறுங்க போடியார்," என்றேன். "தின்னட்டும்."

கால் ஏக்கர் அளவுக்குத் தின்றது, மிதித்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் கேட்டு அது தலையைத் தூக்கியது. அப்போதுதான் அவர் வெடியைக் கொளுத்தித் தூரமாக எறிந்தார். திரும்பிக் காட்டுப் பக்கம் நடந்தது. நான் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு காலும் ஒரே சீராக வைத்துப் போனது.

விடிந்தால் வெட்டு. கதிரில் அதிகம் ஈரம் இல்லை, மழையும் இல்லை. உன் பயணத்தை அல்லாஹ் இலேசாக்கி வைப்பானாக.

வஸ்ஸலாம்,
இஹ்ஸான்